கன்னம் வைக்காத திருடன்

அந்தக் காலத்துத் திருடன் கன்னக்கோலோடு வந்தான். சுவரைத் துளைத்தான். நாய் குரைத்தது. ஊர் விழித்துக் கொண்டது.

இந்தக் காலத்துத் திருடனுக்குக் கன்னக்கோல் தேவை இல்லை. சாவியைக் கேட்கிறான். கடைக்காரரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்!

2025-ம் ஆண்டு, ஜனவரி மாதம். மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோ என்ற ஊர். கோவில் சிற்பங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஒரு நாள் இரவு சிலர் கடை கடையாகப் போனார்கள். பூட்டைத் தொடவில்லை. பணம் வாங்குவதற்காக ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டையின் மேல் தங்கள் அட்டையை ஒட்டினார்கள். அவ்வளவுதான்! வாடிக்கையாளர் கொடுத்த பணம் அவர்கள் கணக்குக்குப் போயிற்று. பெட்ரோல் பங்கு கூடத் தப்பவில்லை. மருந்துக் கடைக்கு வந்த ஒருவர், போனில் வேறு பெயர் காட்டுகிறது என்று சொன்னார். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

காலையில் கடை திறந்ததும், வேறு போனில் இருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கலாம். யார் பெயர் வருகிறது என்பது தெரிந்துவிடும். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிற நேரம் கூட ஆகாது.

பொய் பில்

சின்னக் கடைக்காரர்தான் ஏமாறுவார் என்று எண்ண வேண்டாம். கூகுளும் பேஸ்புக்கும் ஏமாந்திருக்கின்றன! லிதுவேனியா நாட்டு ஆசாமி ஒருவன் 2013 முதல் 2015 வரை அவர்களுக்குப் பொய் பில் அனுப்பினான். அவர்களுக்குச் சரக்குக் கொடுத்து வந்த தைவான் கம்பெனியின் பெயரையே தன் கம்பெனிக்கும் வைத்துக்கொண்டான். 10 கோடி டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. 2019-ல் நியூயார்க் கோர்ட்டு அவனுக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

திருப்பூரில் பத்துப் பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனிக்கும் இதே வலையை வீசலாம். "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவும்" என்று நூல் மில்லின் பெயரில் இ-மெயில் வரும். மில்லுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அந்த இ-மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. பழைய நோட்டில் எழுதி வைத்த எண்ணுக்கு.

பணம் வாங்குவதற்கு ரகசிய 'பின்' எண் வேண்டியது இல்லை. கொடுப்பதற்குத்தான் வேண்டும். இது தெரியாமல் இழந்தவர்கள் பலர். கடைப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டை, பாவம், திருடன் முதல் முயற்சியிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

யார் குற்றம்?

கணக்கு எழுதும் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. முதலாளியின் படம் இருக்கிறது. "கூட்டத்தில் இருக்கிறேன். போன் செய்யாதே. உடனே 2 லட்சம் அனுப்பு."

அவளுக்குச் சந்தேகம்தான். "அண்ணாச்சி, நீங்கள்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஆனால், கேட்க மாட்டாள். போன வாரம் எதையோ கேட்டதற்கு, "இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள் அவள். பணத்தை அனுப்பிவிடுகிறாள். பிறகு விஷயம் புரிகிறது. சொன்னால் வேலை போய்விடுமே என்று சாயங்காலம் வரை மூடி மறைக்கிறாள்.

அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிவிடும். திருடனுக்கு முதலாளியின் கோபத்தைவிட நல்ல கூட்டாளி உண்டா?

தொலைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளிகள் உண்டு. அது நியாயமும் இல்லை, லாபமும் இல்லை. அடுத்த முறை இன்னொருவன் இன்னும் ஆழமாக மறைப்பான். "பணம் அனுப்புமுன் என்னைக் கேள். கோபிக்க மாட்டேன்" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். பத்தாவது தடவை கேட்கும்போதுதான் அது கஷ்டம்!

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பாங்கிக்கும் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க முடியும். அந்த எண்ணைக் கல்லாப்பெட்டி மூடியில் பெரிதாக எழுதி ஒட்டலாம். முதலாளி ஊரில் இல்லாத நாளில், பையனே போன் செய்ய அது உதவும்.