எஜமானர்கள் கொண்டுவந்த பந்து, ஏழைகளின் கால்களில்

நம் தெருக்களில் பத்து வயதுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸியின் சட்டை எண், எம்பாப்பே ஆடும் கிளப், கத்தாரில் மொராக்கோ வீழ்த்திய அணிகள் என எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பிப்பான். ஆனால் இந்த ஆட்டம் எங்கே பிறந்தது, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் அவனுடைய வாப்பாவுக்கும் தெரியாது.

2026 உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. கத்தாரில் 32 அணிகள் ஆடின. இதில் 48 அணிகள். அப்போது 64 ஆட்டங்கள், இப்போது 104. உஸ்பெகிஸ்தான், ஜோர்டான், கேப் வெர்டே, குராசோ ஆகிய நான்கு நாடுகள் முதன்முறையாகத் தகுதி பெற்றுள்ளன. குராசோவின் மொத்த மக்கள்தொகையே சுமார் ஒன்றரை இலட்சம்தான். 140 கோடி மக்களைக் கொண்ட நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

உலகம் முழுவதையும் ஒரு பந்து எப்படிக் கட்டிப்போட்டது? அந்தப் பந்து இன்று யாருக்குச் சொந்தம்? இந்த இரண்டு கேள்விகளையும் நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊர்ச் சண்டையாக இருந்த ஆட்டம்

பந்தைக் காலால் உதைத்து ஆடுவது எந்த ஒரு நாட்டுக்கும் தனிச் சொத்தல்ல. சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'சூஜு' என்ற பெயரில் அப்படியோர் ஆட்டம் இருந்தது. இடைக்கால இங்கிலாந்தில் அது ஓர் ஊர் முழுவதும் இன்னோர் ஊரோடு மோதும் முரட்டு விளையாட்டு. ஆட்களுக்கும் கணக்கில்லை, அடி உதைக்கும் கணக்கில்லை. 1314ஆம் ஆண்டு லண்டன் மேயர் மன்னரின் பெயரால் அதற்குத் தடை விதித்தார். பின்வந்த மன்னர்களும் தடை போட்டார்கள். இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்பது அவர்களுடைய கவலை.

19ஆம் நூற்றாண்டில் ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற செல்வந்தர் வீட்டுப் பள்ளிகள் இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டன. பள்ளிக்கு ஒரு விதி இருந்ததால் ஒரு பள்ளி மாணவர் மற்றொரு பள்ளியோடு ஆட முடியவில்லை. இதைத் தீர்க்க 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் சில கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி, கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பதில் பெரும் விவாதம் நடந்தது. இரண்டும் கூடாது என்று முடிவானதும் பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது. பந்தைக் கையில் ஏந்தும் பிரிவினர் பின்னர் 1871இல் ரக்பி சங்கத்தை அமைத்துக்கொண்டனர்.

'சாக்கர்' என்பது அமெரிக்கர் உண்டாக்கிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். 'அசோசியேஷன்' என்ற சொல்லைச் சுருக்கி ஆங்கிலேய மாணவர்கள் வழங்கிய செல்லப்பெயர்தான் அது.

சனிக்கிழமை மதியம் கிடைத்த ஓய்வு

பணக்காரப் பிள்ளைகளின் ஆட்டம் தொழிலாளியின் ஆட்டமானதற்கு ஒரு சட்டமும் காரணம். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும் வேலையை முடிக்கச் சொன்னது. நாளடைவில் அந்த அரைநாள் விடுப்பு மற்றத் தொழிலாளர்களுக்கும் பரவியது. ஓய்வு கிடைத்தவர்கள் திடலுக்கு வந்தார்கள்.

1883இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், நெசவாலை நகரமான பிளாக்பர்னின் தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர் அணியை 2-1 என்று வென்றது. அதன் பிறகு அந்தக் கோப்பை கனவான்களின் கிளப்புகளுக்குத் திரும்பிப் போகவே இல்லை. இரண்டே ஆண்டுகளில், ஆடுவதற்குச் சம்பளம் வாங்குவதும் முறைப்படி அனுமதிக்கப்பட்டது.

பிறகு மாலுமிகள், ரயில்பாதை போட்டவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள் என ஆங்கிலேயர் போன இடமெல்லாம் பந்தும் போனது. ஸ்பெயினின் ஹுயெல்வாவில் 1889இல், இத்தாலியின் ஜெனோவாவில் 1893இல் கிளப்புகள் தோன்றின. 1894இல் சார்லஸ் மில்லர் இங்கிலாந்திலிருந்து பிரேசிலுக்குப் பந்தும் விதிநூலும் கொண்டுவந்தார். கிரிக்கெட் பெரும்பாலும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளோடு நின்றுபோனது. கால்பந்து அவர்கள் ஆளாத நாடுகளிலும் வேர்பிடித்தது.

காரணம் எளிது. மட்டை வேண்டாம், காப்புறை வேண்டாம். சிறுவயதில் பீலே, காகிதம் திணித்த காலுறையைத்தான் பந்தாக உதைத்தார். விதிகள் வெறும் 17. உயரமும் பருமனும் கட்டாயமில்லை. மாரடோனாவும் மெஸ்ஸியும் குள்ளமானவர்களே. ஏழைக்குக் கதவடைக்காத ஆட்டம் என்பதால்தான் இது உலகத்தின் ஆட்டமானது.

கொல்கத்தா திடலில் நடந்தது

ஆள வந்தவர்களின் ஆட்டத்தில் அவர்களையே வெல்ல முடியும் என்று நம் மண் கண்டது கொல்கத்தாவில். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. வெள்ளையர் பூட்ஸ் அணிந்திருந்தார்கள். நம்மவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்கால்.

1891இல் தொடங்கப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் அடுத்த அத்தியாயத்தை எழுதியது. 1898இல் தொடங்கிய கொல்கத்தா லீக்கை அதுவரை ஐரோப்பிய, இராணுவ அணிகளே வென்றுவந்தன. 1934இல் முதல் பிரிவுக்கு வந்த அதே ஆண்டு முகமதன் அணி கோப்பையைக் கைப்பற்றியது; 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் யாரிடமும் விடவில்லை. வெளியூர் வீரர்களைத் தேடிச் சேர்த்ததும், மழையில் நனைந்த திடலில் காலணியோடு ஆடப் பழகியதும் அந்த வெற்றிகளுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அந்த அணியின் முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, கால்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக் கிளப்புக்காக ஆடினார். 1940இல் துராந்து கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் முகமதனே.

இதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். கூடவே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் கொல்கத்தாவின் பார்வையாளர் கூட்டம் மதவாரியாகப் பிரிந்து நின்றதும் வரலாறுதான். ஒடுக்கப்பட்டவனுக்குத் தலைநிமிர்வைத் தந்த அதே பந்து, அண்டை வீட்டானைப் பகைக்கவும் பயன்பட்டது. பெருமிதத்துக்கும் பகைமைக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது.

சம்பளத்தை விட்டுவந்த வீரர்கள்

1958 ஏப்ரலில் பிரான்சின் பெரிய கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர்கள் சிலர் இரகசியமாக நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ரஷீத் மக்லூஃபியும் முஸ்தஃபா ஸைதூனியும் அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கான பிரான்ஸ் அணியில் இடம்பெறவிருந்தவர்கள். புகழையும் சம்பளத்தையும் உதறிவிட்டு, துனீசியாவில் விடுதலை முன்னணியின் அணியாகத் திரண்டார்கள். ஃபிஃபா அங்கீகரிக்க மறுத்தது. ஆனாலும் இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் கொடியை ஏந்தி, பல நாடுகளில் ஆடினார்கள். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது.

1966 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாகப் புறக்கணித்தன. விளைவாக 1970இல் ஆப்பிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது. அந்த இடத்தில் சென்று ஆடிய நாடு மொராக்கோ.

அதே மொராக்கோ 2022இல் பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் அணிகளை வீழ்த்தி அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே கால்பதித்த முதல் ஆப்பிரிக்க நாடு, முதல் அரபு நாடு. ஸ்பெயினை வெளியேற்றிய கடைசிப் பெனால்டியை அடித்த அஷ்ரஃப் ஹக்கீமி பிறந்தது மாட்ரிட்டில். அவருடைய தாய் அங்கே வீடுகளைச் சுத்தம் செய்தவர். தந்தை தெருவோர வியாபாரி. பார்வையாளர் வரிசைக்கு ஓடிவந்து தாயின் அன்பைப் பெற்ற அந்தக் காட்சியை உலகமே பார்த்தது.

இதனால் வெறுப்பு ஒழிந்துவிட்டதா? முகமது ஸலாஹ் லிவர்பூலுக்கு வந்தபின் மெர்சிசைடு பகுதியில் வெறுப்புக் குற்றங்கள் சுமார் 16 விழுக்காடு குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வென்று தந்த மெசூத் ஓசில், வென்றால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று தன்னைப் பார்க்கிறார்கள் எனச் சொல்லி 2018இல் விலகினார். கோல் அடிக்கும்வரை மட்டும் கிடைக்கும் மரியாதை, மரியாதை ஆகாது.

பளபளப்புக்குப் பின்னால் உள்ள கைகள்

இன்று இந்த ஆட்டத்தில் புழங்கும் பணம் மலைக்க வைக்கிறது. 2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவின் வருமானம் 750 கோடி டாலரைத் தாண்டியது. 2017இல் நெய்மாரை வாங்க பாரிஸ் கிளப் 22.2 கோடி யூரோ கொடுத்தது. 2015இல் ஃபிஃபா நிர்வாகிகள் பலர் ஊழல் வழக்கில் ஜூரிச்சில் கைதானார்கள்.

அந்தப் பணம் எவருடைய உழைப்பின் மேல் நிற்கிறது? உலகின் கைத்தையல் பந்துகளில் பெரும்பகுதி பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுகிறது. அங்கே சிறுவர்கள் பந்து தைப்பது 1990களில் வெளிச்சத்துக்கு வந்து, உலகமே கண்டித்த பிறகே 1997இல் அதைக் களையும் ஒப்பந்தம் உண்டானது. கத்தாரின் அரங்குகளையும் சாலைகளையும் கட்டியவர்கள் நேபாளம், இந்தியா, வங்கதேசத்திலிருந்து போன தொழிலாளர்கள். கொளுத்தும் வெயிலில் உழைத்து உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. நடத்தியது ஒரு முஸ்லிம் நாடு என்பதற்காக நாம் இதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நம்முடையவை. அந்த வெயில் நமக்குத் தெரியும். 2034 உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுள்ள நிலையில், உழைப்பவரின் உரிமை பற்றிய இந்தக் கேள்வியை முதலில் எழுப்ப வேண்டியவர்களும் நாம்தான்.

இத்தனைக்கும் பிறகு இந்த ஆட்டம் மக்களிடமிருந்து முற்றிலும் போய்விடவில்லை. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் தங்களுக்கென்று தனி லீக் அறிவித்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டே நாட்களில் ஆங்கிலேயக் கிளப்புகள் ஆறும் பின்வாங்கின, திட்டம் சரிந்தது.

நம் பிள்ளைகளுக்குத் திடல் எங்கே?

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். இந்தியா ஒரு காலத்தில் ஆசியாவின் முன்னணி அணி. ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றோம். நுரையீரல் புற்றுநோயோடு போராடியபடியே 1962 தங்கத்தைப் பெற்றுத் தந்த அவர், அடுத்த ஆண்டே காலமானார். அதற்குப் பின் அந்த உயரத்தை நாம் தொடவில்லை. 2025 ஜூலையில், நாட்டின் முதன்மைத் தொடரான ஐ.எஸ்.எல். ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்தி வைக்கப்படும் அளவுக்கு நிர்வாகம் தடுமாறியது.

திறமை இல்லை என்று சொல்ல மாட்டோம். காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் கால்பந்துத் தொடர்கள் நடக்கும் நாட்களில் திடலோரம் நின்று பாருங்கள். ஆர்வம் எவ்வளவு என்று தெரியும். குறைவது திடல்தான். காலியிடங்கள் மனைகளாகின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் செயற்கைப் புல்தரைகள் பெருகுகின்றன. காசு இல்லாத பிள்ளை வேலிக்கு வெளியே நிற்கிறான், அல்லது கைப்பேசியில் பார்க்கிறான். ஏழைக்குக் கதவு திறந்திருந்ததால் உலகை வென்ற ஆட்டம், நம் ஊரிலேயே ஏழைக்குக் கதவை அடைக்கத் தொடங்கியிருக்கிறது.

மகனுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மெஸ்ஸி சட்டை வாங்கித் தரும் பெற்றோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் ஓடுவதற்கு ஊரில் ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை விற்கவோ வேலி போடவோ விடாதீர்கள். இல்லையென்றால் ஜமாஅத்தும் பள்ளிக்கூடங்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி, எல்லாப் பிள்ளைகளும் காசில்லாமல் ஆடுவதற்கு ஒரு திடலை உறுதி செய்யுங்கள். அங்கே பக்கத்துத் தெருப் பிள்ளையும் வந்து ஆடட்டும். அவன் எந்தச் சமயம் என்று எவரும் கேட்க வேண்டாம்.