கடவுச்சொல் போட்டுப் பூட்டிய இலவசம்

கோடை விடுமுறைக்குத் திருத்தணி வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பேரன் மூன்று நாள்களாக முகம் வாடியிருந்தான். நான்காம் நாள்தான் காரணம் தெரிந்தது. 'பிளேஸ்டேஷன் 5' விளையாட்டுகளை வீட்டுக் கணினியிலேயே இலவசமாக ஆடலாம் என்று ஒரு யூடியூப் காணொலி சொல்லியிருக்கிறது. அதன் கீழிருந்த இணைப்பில் கோப்பைப் பதிவிறக்கினான். கடவுச்சொல் இல்லாமல் அது திறக்கவில்லை. கடவுச்சொல் பெற ஒரு கருத்துக்கணிப்பை நிரப்பச் சொன்னார்கள். தாயின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தான். பிறகு இன்னொன்று, மற்றொன்று. கடவுச்சொல் கடைசிவரை வரவில்லை. கைப்பேசிக்கு விளம்பர அழைப்புகள்தான் ஓயாமல் வந்தன.

சிறுவனின் ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. 2021 பிப்ரவரியில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அக்கருவியின் விலை ரூ.49,990. பெரும்பாலான குடும்பங்களில் அது மாத வருமானத்தைவிட அதிகம். கைக்கு எட்டாத விலைக்கும் அடங்காத ஆசைக்கும் இடையிலுள்ள வெளியில்தான் மோசடி கடை விரிக்கிறது.

ஒரு கருவியைப் போல மற்றொன்றை இயங்கச் செய்யும் மென்பொருளே 'எமுலேட்டர்'. இது கற்பனை அல்ல. பழைய பிளேஸ்டேஷன் 2-க்கு 'பிசிஎஸ்எக்ஸ்2', நின்டெண்டோவின் பழைய கருவிகளுக்கு 'டால்பின்' என உண்மையானவை உண்டு. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கி, நிரல் வரிகளையும் பொதுவில் வைத்து, இலவசமாகத் தருபவை அவை. உண்மை இருப்பதால்தான் போலி எடுபடுகிறது. ஆனால், ஒரு கருவியைப் போல நடிப்பதற்கு அக்கருவியைவிடக் கூடுதல் திறன் தேவை. புத்தம் புதிய கருவியின் விளையாட்டுகளைச் சாதாரண மடிக்கணினியில் ஓட்டலாம் என்ற வாக்குறுதியை இந்த ஒரு காரணத்துக்காகவே நிராகரித்துவிடலாம்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று, பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். பதிவிறக்கச் சந்தைக்கும் அது பொருந்தும். நிரப்பப்படும் ஒவ்வொரு கணிப்புக்கும் மோசடிக்காரருக்குத் தரகு கிடைக்கிறது. எனவே, கோப்புக்குள் எதுவும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏதாவது இருந்தால் அது இன்னும் ஆபத்து. கடவுச்சொல்லால் பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை வைரஸ் தடுப்பு மென்பொருளால் பார்க்க இயலாது. 'நிறுவும்வரை வைரஸ் தடுப்பை அணைத்து வையுங்கள்' என்ற அறிவுரையும் சேர்ந்து வந்தால், அது திருடன் காவல் நாயைக் கட்டிப்போடச் சொல்வதற்கு ஒப்பாகும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் களவாடும் 'ரெட்லைன்' போன்ற நிரல்கள் இவ்வழியில் பரப்பப்பட்டவை. 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல் துறையும் பிற நாடுகளும் கூட்டாக இறங்கி அதன் கட்டமைப்பை முடக்க நேர்ந்தது.

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டவுடன் 'டிக்டாக் புரோ' என்ற போலிச் செயலியின் இணைப்பு வாட்ஸ்ஆப்பில் வலம் வந்தது. தடை தேவையில்லை என்பதல்ல என் வாதம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் விதித்த தடையை வரவேற்பவன் நான். ஆனால், வாயிலை அடைக்கும் அரசு, மறுநாளே முளைக்கும் போலி வாயில்களைப் பற்றியும் அன்றே எச்சரிக்க வேண்டும்.

பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியவை சில. உண்மையான இலவச மென்பொருள் கருத்துக்கணிப்பு கேட்காது. காணொலியின் கீழுள்ள இணைப்பைத் தவிர்த்து, உருவாக்கியவரின் தளத்தையே நாட வேண்டும். கோப்பைத் திறந்துவிட்டால், இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் தூய்மைப்படுத்தும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். உச்சி எங்கே என்பது ஏறுபவருக்குத் தெரியும். மோசடியின் படிகளுக்கு உச்சி இல்லை. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற எண்ணம்தான் அடுத்த படியில் கால் வைக்கச் செய்கிறது. முதலீட்டை இழந்தவர்கள் மேலும் பணம் போடுவதும் இதே மனநிலையில்தான். என் பேரனை மூன்று நாள்கள் வாய் திறக்கவிடாமல் செய்தது, திட்டு விழும் என்ற அச்சம். அந்த மூன்று நாள்கள்தான் திருடனுக்கு நாம் தரும் அவகாசம். 'ஏமாந்தால் முதலில் என்னிடம் சொல், திட்ட மாட்டேன்' என்று இன்றிரவே நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்.