பஸ் போர்டா, பேப்பரா?

எனக்கு மைனஸ் 12. கண்ணாடியைக் கழற்றினால் பேப்பரை மூக்கில் இடித்துக்கொண்டுதான் படிக்க முடியும். கூடவே க்ளாக்கோமா. இப்போது புரையும் வந்து சேர்ந்துகொண்டது.

ஆபரேஷனுக்கு முன், ஓட்டல் மெனு மாதிரி ஒரு லென்ஸ் பட்டியலை நீட்டினார்கள். "மல்டிஃபோகல் போட்டுக்குங்க சார், தூரம், கிட்டம் ரெண்டும் தெரியும்" என்றார் கவுன்டர் பெண். விலை அதிகம், எனவே உசத்தி என்று தலையாட்டிவிட்டேன்.

டாக்டரம்மா தடுத்தார்.

"அது வெளிச்சத்தைப் பங்கு போடும். மங்கலான வித்தியாசங்களைப் பிரிச்சுப் பார்க்கிற சக்தி க்ளாக்கோமாவாலயே உங்களுக்குக் குறைஞ்சிருக்கு. இதுவும் சேர்ந்தா இன்னும் மங்கும். சாதா மோனோஃபோகல் போதும். ஒண்ணு, கெட்டுப்போன நரம்பை எந்த லென்ஸும் மீட்காது. சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க."

அப்புறம்தான் அசல் கேள்வி: "கண்ணாடி இல்லாம எது தெரியணும்? பஸ் போர்டா, பேப்பரா?"

ஐம்பது வருஷமாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுக்கையில் படிக்கிற ஜென்மம். "பேப்பர்!" என்றேன். மைனஸ் 2.5 மிச்சம் இருக்கும்படி லென்ஸ் வைத்தார். இப்போது 40 சென்டிமீட்டரில் எழுத்து பளிச்!

மைனஸ் பார்ட்டிகளே, விலையைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். எது தெரியவேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்.

வீட்டம்மா விசாரித்தாள்: "அப்ப டி.வி.க்குக் கண்ணாடி வேணுமா?"

"ஆமாம்."

"நல்லதாப் போச்சு. சீரியல் நேரத்துல ஒளிச்சு வெச்சுடறேன்!"