கணக்குப் படிப்பும் கண்மூடிப் பேச்சும்

சென்ற வாரம் ஒரு கிராமத்துத் தோழர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் மகன் பி.எஸ்ஸி. கணிதம் தேறியிருக்கிறான். பிரயோக கணிதம், கம்ப்யூட்டர் கணிதம் என்று சொல்லப்படும் துறையில் எம்.எஸ்ஸி.யும், அதற்கு மேல் டாக்டர் பட்டமும் படித்தே தீருவேன் என்று பிடிவாதம் செய்கிறானாம். சொந்தக்காரர்களோ ஆளுக்கொன்று சொல்லுகிறார்களாம். கணக்குப் போடத்தான் யந்திரம் வந்துவிட்டதே, இவன் எதற்கு என்கிறார் ஒருவர். அதெல்லாம் பிறவியிலேயே மூளை வாய்த்த கூட்டத்துக்குத்தான் வரும், நமக்கு ஏன் இந்த வேலை என்கிறார் இன்னொருவர். "நிலத்தை விற்றாவது படிக்க வைக்கலாமா, வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள் அய்யா" என்று கேட்டார்.

நாம் காலேஜ் வாசற்படியை மிதித்தவர்கள் அல்ல. வட்டிக்கணக்கும் நிலக்கணக்கும் திண்ணையில் கற்றதோடு சரி. மற்றதெல்லாம் கிடைத்த புஸ்தகத்தைப் படித்தும், படித்தவர்களை நச்சரித்துக் கேட்டும் தெரிந்து கொண்டதே. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குத் தெரிந்த அளவே போதுமானது என்று நினைக்கின்றோம்.

முதலில் இந்தப் படிப்பு என்ன என்பதைப் பார்ப்போம். காற்று ஏன் இப்படி வீசுகிறது, ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரும், பாலம் எத்தனை பாரம் தாங்கும், ஒரு நோய் ஊருக்குள் எப்படிப் பரவும் என்பவற்றையெல்லாம் சமன்பாடுகளாக எழுதிவிடலாம். ஆனால் எழுதின சமன்பாடுகளில் பெரும்பாலானவற்றைப் பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரி நேராக விடுவிக்க முடியாது. ஆகவே அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கூட்டல் பெருக்கலாகக் கணக்குப் போட்டு, உண்மையான விடைக்கு அருகில் போய்ச் சேரவேண்டும். எவ்வளவு அருகில் போனோம், எத்தனை தப்பு மிச்சம் என்பதையும் கூடவே சொல்லவேண்டும். விடையோடு தப்பின் அளவையும் சொல்லுவதுதான் இந்தப் படிப்பின் உயிர்நாடி.

இதற்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். இங்கிலாந்தில் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்று ஒருவர் இருந்தார். முதல் உலக யுத்தத்தின்போது துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று சொல்லி, பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். யுத்தகளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாளைய வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லிவிட முடியுமா என்று பார்த்தார். 1910 மே 20ந் தேதி ஐரோப்பாவில் பதிவான காற்று, வெப்ப அளவுகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்து வானிலைக்குச் சுமார் ஆறு வாரம் கணக்கு! நடுவில் கையெழுத்துப் பிரதியே காணாமற்போய், சில மாதம் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு கரிக்குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது. கடைசியில் வந்த விடை, அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்பது. அன்றைக்கு உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை.

இப்படிப்பட்ட தோல்வி வந்தால் நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர் என்ன செய்வார்? இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று அச்சடித்துவிட்டு, குளம் காய்ந்து கிடந்தாலும் அடுத்த வருஷப் பஞ்சாங்கத்தை அதே விலைக்கு விற்பார். போன வருஷம் சொன்னது எத்தனை மரக்கால் தப்பு என்று அட்டையின் பின்பக்கத்திலாவது போட்டிருக்கிறாரா? ரிச்சர்ட்சன் என்ன செய்தார் என்றால், தப்பான விடையையும், அது வந்த வழியையும், வரிக்கு வரி 1922-ல் புஸ்தகமாகவே போட்டுவிட்டார். 64,000 பேரை ஒரு பெரிய மண்டபத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு பங்கு கணக்குப் போடச் சொன்னால் உலக வானிலையோடு போட்டி போடலாம் என்று ஒரு கனவையும் அதில் எழுதினார். அப்படித் தப்பை மறைக்காமல் எழுதிவைத்ததனால்தான் பின்னால் வந்தவர்கள் அதைத் தொட்டுத் துழாவிப் பார்க்க முடிந்தது. கணக்கின் முறை சரி, ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட காற்றளவுகளில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அந்த அளவுகளைச் சீர்செய்து அதே கணக்கைப் போட்டபோது பொருத்தமான விடை வந்தது. 1950-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற யந்திரத்தில் சார்னியும், வான் நாய்மனும், மற்றவர்களும் 24 மணி நேர வானிலையைக் கணக்கிட்டார்கள். அதற்கும் சுமார் 24 மணி நேரமே பிடித்ததென்றால் வேடிக்கைதான். இன்று புயல் வருகிறது, கட்டுமரங்கள் கடலுக்குப் போகவேண்டாம் என்று நாலு நாளைக்கு முன்பே சொல்லுகிறார்களே, அது அந்தத் தோல்விப் புஸ்தகத்தின் வம்சத்தில் வந்ததே.

யந்திரம் இருக்கும்போது ஆள் எதற்கு என்கிற பேச்சைப் பார்ப்போம். ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.3333 என்று முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறதல்லவா? கம்ப்யூட்டரோ பூஜ்யம், ஒன்று என்ற இரண்டு இலக்கங்களால் மட்டுமே எண்ணுவது. அதற்குப் பத்தில் ஒரு பங்கு என்பதும் இதே மாதிரி முடியாத எண். எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். 1991 பிப்ரவரி 25ந் தேதி, வளைகுடா யுத்தத்தில், சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்ற இடத்தில், எதிரி ஏவுகணையை வழியிலேயே அடிப்பதற்கென்று வைத்திருந்த பேட்ரியட் கருவி, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் வெட்டுப்பட்ட துளி, கண்ணுக்கே தெரியாத துளி. ஆனால் கருவி சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிவிட்டது. துளிகள் சேர்ந்து மூன்றில் ஒரு வினாடி ஆயிற்று. அந்த நேரத்துக்குள் எதிரி ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கருவி வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏவுகணை சிப்பாய்கள் தங்கியிருந்த கொட்டகையில் விழுந்து 28 பேர் மாண்டார்கள். திருத்திய நிரல் மறுநாள் அங்கே வந்து சேர்ந்தது.

யந்திரம் கூட்டலில் ஒரு இடத்திலும் சோம்பவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்தது. சொன்னவன் எங்கே வெட்டினால் எத்தனை தப்பு சேரும் என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பைத்தான், யந்திரம் இருக்கிறது, வேண்டாம் என்கிறார் நமது சொந்தக்காரர். யந்திரம் பெருகப் பெருக இப்படிப் பார்ப்பவர்களின் தேவையும் பெருகுமே ஒழிய எப்படிக் குறையும் என்று கேட்கின்றோம்.

நிற்க. பிறவி மூளை என்கிற பேச்சுக்கு வருவோம். இதற்கு ராமானுஜனை இழுக்காதவர்கள் இல்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதாகக் கதை. அவர் கும்பகோணத்தில் கார் என்பவருடைய கணிதத் திரட்டை வைத்துக்கொண்டு, சுமார் 5,000 முடிவுகளோடு பலகையும் பலப்பமுமாக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாரே, அதை மட்டும் சொல்லமாட்டார்கள். அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றிச் சொன்ன முடிவுகள் சில தவறு. கனவில் வந்தவர் தப்புக்கணக்கும் சொல்லுவார் போலும்! உழைத்த மனிதனின் பெருமையைப் பிடுங்கி இல்லாதவருக்குக் கொடுப்பதில் ராமானுஜனுக்கு என்ன மரியாதை என்பது நமக்கு விளங்கவில்லை.

அந்த ஹார்டி இருக்கிறாரே, ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த புண்ணியவான், அவரிடமும் நமக்கு ஒரு சண்டை உண்டு. சுத்தக் கணிதம், பிரயோக கணிதம் என்று கணக்கிலேயே மேல்சாதி கீழ்சாதி பார்த்தவர் அவர். தாம் செய்தது ஒன்றும் உலகத்துக்கு உபயோகப்படாது என்பதை 1940-ல் எழுதிய புஸ்தகத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். என்ன நடந்தது? அவரே 1908-ல் போகிறபோக்கில் எழுதிய ஒரு கடிதம் இன்று பரம்பரை இயலில் முதல் பாடமாக இருக்கிறது. அவர் மடியாக வைத்திருந்த எண் கணிதம் 1977-ல் ரகசியப் பூட்டாகி, கடைவீதியில் பணம் அனுப்பும் வேலைக்கு வந்துவிட்டது. கணக்குக்குத் தீட்டு கிடையாது. இன்றைக்கும் சில கல்லூரிகளில் பிரயோகம் என்றால் கொஞ்சம் மட்டம் என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் இருப்பதாகக் கேள்விப்படுகின்றோம். நமது பையன் அவர்களுக்குப் பயப்படவேண்டியதில்லை.

ஆனால் மூளை இருந்தும் வாசல் அடைபட்டவர்களின் கதை வேறு. அமெரிக்காவில் கேதரின் ஜான்சன் என்ற கறுப்பின மாது 1918-ல் பிறந்தார். அவருடைய ஊரில் கறுப்புக் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடமே இல்லை. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பமே வேறு ஊரில் போய்த் தங்கியது. 18 வயதில் பட்டம் வாங்கினார். அவருக்காகவே தனி வகுப்பு நடத்தின ஆசிரியர் கிளேட்டர், தாமே டாக்டர் பட்டம் வாங்கியும் நிறத்தினால் தடைபட்டவர். வெள்ளையருக்கு மேற்படிப்பு வைத்திருக்கும் மாகாணம் கறுப்பருக்கும் அதைத் தரவேண்டும் என்ற பொருளில் 1938-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகு, மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலை மேற்பட்ட வகுப்புக்குச் சேர்த்துக்கொண்ட மூவரில் இவர் ஒருவர். குடும்பத்தின் காரணமாக அதை முடிக்கவில்லை. 1953-ல் விமான ஆராய்ச்சி நிலையத்தில், கறுப்புப் பெண்களுக்கென்று தனியே ஒதுக்கிவைத்த கணக்குப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், கம்ப்யூட்டர் கொடுத்த எண்களை இந்த அம்மாள் கையால் போட்டுச் சரி என்று சொன்னால்தான் ஏறுவேன் என்று அவர் நின்றது பிரசித்தம். பட்டம் முடிக்காமலே இவ்வளவு செய்தாரே, பட்டம் எதற்கு என்று யாரும் கிளம்பவேண்டாம். பட்டம் இருந்திருந்தால் எத்தனை வருஷத்துக்கு முன்பே அந்த மேஜைக்கு வந்திருப்பார் என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி.

பிறப்பைப் பார்த்துத் துரத்துகிறவன் தன் வீட்டுக்கே கொள்ளி வைத்துக்கொள்ளுகிறான். ஜெர்மனி 1933-ல் யூதர் என்று கூரான்ட் என்ற பேராசிரியரைக் கெட்டிங்கன் சர்வகலாசாலையிலிருந்து விரட்டிற்று. அவர் நியூயார்க்குக்குப் போய்க் கட்டிய நிலையம் பிரயோக கணிதத்துக்கு உலகத்தில் ஒரு தலைமை இடமாயிற்று. சென்னையில் பிறந்த வரதன் 1963-ல் அங்கே போய்ச் சேர்ந்து, 2007-ல் ஆபெல் பரிசு வாங்கினார்.

இனி அந்தத் தோழருடைய நிலத்துக்கு வருவோம். விற்கவேண்டாம். அமெரிக்காவில் எம்.எஸ்ஸி.க்கு நிகரான படிப்பு பெரும்பாலும் சொந்தக் காசு. அதற்காகக் கடன் வாங்கிவிட்டு வட்டி கட்டும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கின்றோம். ஆனால் நேராக டாக்டர் பட்டத்துக்கே சேர்ந்தால் பெரும்பாலும் சம்பளம் தள்ளுபடி செய்து, பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ மாதப்படியும் கொடுக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைத் தரகர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குப் பங்கு வருவது காசு கட்டுகிறவனிடமிருந்தல்லவா? அவ்வளவு தூரம் போகாமலும் படிக்கலாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்று ஒரு பரீட்சை உண்டு. பெங்களூரில் டாட்டா ஆராய்ச்சி நிலையம் பிரயோக கணிதத்துக்கென்றே ஒரு மையம் வைத்து, எடுத்துக்கொண்டவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறது. பையன் தமிழில் படித்தவனாயிருந்தால் முதல் ஆறு மாதம் இங்கிலீஷ் பயமுறுத்தும். சமன்பாட்டுக்குப் பாஷை கிடையாது என்பதால் அதைக் கொண்டே மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம். இப்போதே நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் திரும்பப் படித்து, ஒரு நிரல் மொழியும் கற்றுக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் சொல்லி அனுப்பினோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பஞ்சாங்கத்தில் நாள் பார்த்துத்தான் விண்ணப்பம் போடவேண்டும் என்கிறாள் அவன் அம்மா" என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி போட்டிருப்பார்கள், அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள் என்றோம்.