எதிரணிக்குப் பாராட்டு, வாக்காளருக்கு என்ன பதில்?

மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்பது தமிழக அரசியல் மேடைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் சொல். தில்லி அரசியலில் அந்த மணத்தை உணர்ந்தவர்கள் பலர். உணர்ந்ததை வெளியே சொன்னவர்கள் சிலர். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 2025-ம் ஆண்டு முழுவதும் அந்த வரிசையில் அடிபட்ட பெயர், திருவனந்தபுரம் மக்களவை உறுப்பினர் சசி தரூர்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் கேரள இடதுசாரி அரசின் தொழில் வளர்ச்சி முயற்சிகளைப் பாராட்டி ஆங்கில நாளேட்டில் அவர் எழுதினார். அதே வாரத்தில் பிரதமர் மோடியின் அமெரிக்கப் பயணத்தையும் புகழ்ந்தார். கேரளத்தில் இடதுசாரிகளுடனும் தில்லியில் பாஜகவுடனும் மோதிக்கொண்டிருந்த காங்கிரஸுக்கு, ஒரே நேரத்தில் இரு எதிரிகளுக்கும் தன் கட்சிக்காரரே நற்சான்று வழங்கியதாகப்பட்டது. மார்ச்சில் தில்லியில் நடைபெற்ற ரைசினா மாநாட்டில், உக்ரைன் போர் தொடர்பாக இந்திய அரசு எடுத்த நிலையை 2022-ல் தாம் விமர்சித்தது பொருந்தாமல் போய்விட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்.

மே மாதம், 'ஆபரேஷன் சிந்தூர்' நடவடிக்கைக்குப் பிறகு இந்தியாவின் நிலையை உலக நாடுகளுக்கு விளக்க அனைத்துக் கட்சிக் குழுக்களை மத்திய அரசு அனுப்பியது. காங்கிரஸ் அளித்த நான்கு பெயர்களில் தரூரின் பெயர் இல்லை. ஆனால், ஒரு குழுவுக்கு அவரையே அரசு தலைவராக்கியது. ஜூனில் பிரதமரின் சுறுசுறுப்பும் பிற நாடுகளுடன் பேசும் ஆர்வமும் உலக அரங்கில் இந்தியாவுக்கு வலுசேர்ப்பதாக அவர் எழுதினார். காங்கிரஸுக்கு நாடே முதன்மை, சிலருக்கோ மோடியே முதன்மை என்ற பொருள்படக் கட்சித் தலைவர் கார்கே பதிலளித்தார். நவம்பரில் அத்வானியின் பிறந்த நாளில் தரூர் வெளியிட்ட பாராட்டிலிருந்தும் கட்சி தன்னை விலக்கிக்கொண்டது.

கட்சி மேலிடத்தின் கோபம் செய்தியாகிவிடுகிறது. தரூரின் விளக்கமும் செய்தியாகிவிடுகிறது. இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் வாக்காளரைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. அவருடைய மனக்குறை மேலிடத்தின் கோபத்திலிருந்து வேறுபட்டது, அதைவிட ஆழமானது.

2024 மக்களவைத் தேர்தலில் திருவனந்தபுரத்தில் தரூர் பெற்ற வெற்றியைப் பார்த்தால் இது விளங்கும். 2019-ல் ஏறத்தாழ ஒரு லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றவர், 2024-ல் பாஜகவின் ராஜீவ் சந்திரசேகரை வென்றது 16,077 வாக்குகளில்தான். நேமம், வட்டியூர்க்காவு, கழக்கூட்டம் ஆகிய நகர்ப்புறப் பேரவைத் தொகுதிகளில் பாஜக முன்னிலை பெற்றது. கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை தொகுதிகள்தாம் அவரைக் கரைசேர்த்தன. மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்ட இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளருக்கும் இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகள் விழுந்திருந்தன.

இத்தகைய மும்முனைப் போட்டியில் வாக்களிப்பவர்களில் ஒரு பகுதியினர் வேட்பாளரின் ஆங்கிலப் புலமைக்காக வாக்களிப்பதில்லை. பாஜகவைத் தடுக்கக்கூடியவர் யார் என்று கணக்குப் பார்த்து வாக்களிக்கிறார்கள். கடற்கரைப் பகுதியின் சிறுபான்மையினர் வாக்குகள் தரூரைக் காப்பாற்றியதாகத் தேர்தல் முடிவுகளை ஆராய்ந்தவர்கள் அப்போதே குறிப்பிட்டனர். இடதுசாரி வேட்பாளர் மீது மதிப்பிருந்தும், வாக்குப் பிரிந்துவிடக் கூடாதே என்று கைச்சின்னத்துக்கு வாக்களித்தவர் அவர்களில் இருப்பார். அத்தகையவர், தாம் யாரைத் தடுக்க வாக்களித்தாரோ அவருக்கே தம் பிரதிநிதி புகழாரம் சூட்டுவதைப் பார்க்கும்போது, தம் வாக்கு எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியாது.

இந்தக் கேள்விக்குத் தரூரின் ஆதரவாளர்கள் சொல்லும் பதில் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. மக்களவை உறுப்பினர் தமக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டுமல்ல, தொகுதி முழுமைக்கும் பிரதிநிதி. பயங்கரவாதத்துக்கு எதிராக நாடு உலக அரங்கில் பேசும்போது கட்சி எல்லை குறுக்கே நிற்கக் கூடாது. நல்லதை நல்லது என்று சொல்வது நேர்மை. இவை அனைத்தும் சரியே. எதிரணி எதைச் செய்தாலும் பழிக்க வேண்டும் என்ற வழக்கம் நாடாளுமன்றத்தை எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்பதை நாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பாராட்டு மட்டுமே வாக்காளரை விரட்டிவிடும் என்பதற்கும் வரலாறு இடம் தரவில்லை. 1994-ல் காஷ்மீர் பிரச்னையைப் பாகிஸ்தான் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் கொண்டுசென்றபோது, இந்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்குமாறு காங்கிரஸ் பிரதமர் நரசிம்ம ராவ் கேட்டுக்கொண்டது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த வாஜ்பாயை. அவரும் ஏற்றார், பாகிஸ்தானின் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. அதே வாஜ்பாய்தான் 1964-ல் நேரு மறைந்தபோது மாநிலங்களவையில் உருக்கமாக அஞ்சலி செலுத்தியவர். இவற்றுக்காக அவருடைய வாக்காளர்கள் அவரைக் கைவிடவில்லை. 1996 தேர்தலில் 161 இடங்களுடன் பாஜக முதன்முறையாக மக்களவையின் தனிப்பெரும் கட்சியாயிற்று.

காரணம் எளியது. ஜெனீவாவிலிருந்து திரும்பிய வாஜ்பாய் எந்தப் பக்கத்து இருக்கையில் அமர்வார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ராவ் அரசின் கொள்கைகளை மறுநாளே அவையில் அவர் கண்டிப்பார் என்பது அவருடைய வாக்காளருக்கும் தெரியும், ராவுக்கும் தெரியும். நிற்கும் இடம் உறுதியாயிருந்ததால் நீட்டிய கை சந்தேகத்துக்கு உள்ளாகவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவம் அத்வானிக்கு வாய்த்தது. 2005 ஜூனில் கராச்சியில் ஜின்னாவின் நினைவிடத்துக்குச் சென்ற அவர், பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் 1947 ஆகஸ்ட் 11-ல் ஜின்னா ஆற்றிய உரையைச் சுட்டி, அவரைப் பாராட்டிக் குறிப்பேட்டில் எழுதினார். ஜின்னா உள்நாட்டு எதிர்க்கட்சிக்காரர் அல்லர்; ஆனால், ரத யாத்திரையில் அத்வானியின் பின்னால் வந்தவர்களுக்கு தேசப் பிரிவினையின் முழு உருவமே அவர்தான். தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்த அத்வானி, சமாதானத்துக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றார். ஆயினும் அந்த ஆண்டு இறுதியில் பதவி ராஜ்நாத் சிங்கிடம் போயிற்று. பல்லாண்டுகளாகத் தாம் எதை எதிர்க்கச் சொல்லி மக்களைத் திரட்டினாரோ, அதைப் பற்றித் தம் பார்வை மாறியிருப்பதை அவர்களிடம் முதலில் சொல்லாமல், எல்லை கடந்து போய்ச் சொன்னதே அங்கு நிகழ்ந்த பிழை.

காங்கிரஸ் வாக்காளரின் சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பட்டறிவு. 2019 ஆகஸ்டில் 370-வது பிரிவு ரத்தை ஆதரித்து ஜோதிராதித்ய சிந்தியா பதிவிட்டார். 2020 மார்ச்சில் பாஜகவில் சேர்ந்தார், மத்தியப் பிரதேசத்தில் கமல்நாத் அரசு கவிழ்ந்தது. 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் குலாம் நபி ஆசாத்துக்கு விடைகொடுக்கும்போது பிரதமர் கண் கலங்கினார். சில நாளில் ஆசாத் பிரதமரின் எளிய பின்னணியைக் குறிப்பிட்டுப் புகழ்ந்தார். 2022 ஆகஸ்டில் காங்கிரஸை விட்டு விலகினார்.

கேரளத்தில் இந்தப் பட்டறிவு இன்னும் கசப்பானது. கண்ணூரின் மார்க்சிஸ்ட் எம்.பி.யாயிருந்த அப்துல்லக்குட்டி, மோடியின் குஜராத் வளர்ச்சியைப் பாராட்டியதால் 2009-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். காங்கிரஸ் அவரை அரவணைத்துக்கொண்டது. 2019-ல் மீண்டும் மோடியைப் பாராட்டினார். இம்முறை காங்கிரஸ் நீக்கியது. அதே மாதம் பாஜகவில் சேர்ந்தார். 2023-ல் ஏ.கே. அந்தோணியின் மகன் அனில் அந்தோணியும், 2024-ல் கே. கருணாகரனின் மகள் பத்மஜா வேணுகோபாலும் பாஜகவுக்குப் போயினர். இவ்வளவையும் பார்த்துவிட்ட வாக்காளருக்குப் பாராட்டு என்பது பெருந்தன்மையின் அடையாளமாகத் தோன்றாது. ஊரைவிட்டுப் புறப்படுபவர் மூட்டை கட்டும் ஓசையாகத்தான் காதில் விழும். 2025 இறுதி வரை தரூர் எங்கும் போகவில்லை. ஆயினும் முன்னவர்கள் பட்ட கடனுக்கு அவர் வட்டி கட்ட வேண்டியதாயிற்று.

கட்சித் தாவல் தடைச் சட்டமும் இந்தச் சந்தேகத்தைக் கூர்மையாக்குகிறது. 1985-ல் அரசியல் சாசனத்தின் 52-வது திருத்தம் வந்தபின், கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியிழக்க நேரும். ஆகவே, உறுப்பினரின் மனம் எங்கே இருக்கிறது என்பதை அவையில் அவர் அளிக்கும் வாக்கைக் கொண்டு அறிய வழியில்லை. எஞ்சியிருக்கும் ஒரே அளவுகோல் அவருடைய பேச்சுதான். தேர்ந்தெடுத்தவரைத் திருப்பி அழைக்கும் உரிமையும் வாக்காளருக்கு இல்லை. ஐந்தாண்டுகளுக்குப் பிரதிநிதியின் சொல்லை மட்டுமே பிணையாக வைத்திருப்பவர், அந்தச் சொல் தடுமாறும்போது பதறுவது இயல்பு.

அணி மாறினாலே மக்கள் தண்டித்துவிடுவார்கள் என்றும் சொல்வதற்கில்லை. சிந்தியாவின் ஆதரவாளர்கள் பதவி விலகி மக்களிடம் சென்றனர். 2020 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு நடந்த இடைத்தேர்தலில் பாஜக 19-ஐ வென்றது. 2019-ல் குனா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராகத் தோற்ற சிந்தியா, 2024-ல் அதே தொகுதியில் பாஜக வேட்பாளராக ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2009-ல் மார்க்சிஸ்ட் கட்சியால் நீக்கப்பட்ட அப்துல்லக்குட்டி, அதே ஆண்டு கண்ணூர் பேரவை இடைத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக வெற்றி பெற்றார். அந்த மாற்றங்களின் நியாயம் வேறு விஷயம். ஆனால், தீர்ப்பு வழங்கும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைத்தது.

ஆசாத்தின் கதை வேறு. காங்கிரஸை விட்டார், பாஜகவிலும் சேரவில்லை. தனிக் கட்சி தொடங்கி நடுவில் நின்றார். 2024 ஜம்மு காஷ்மீர் பேரவைத் தேர்தலில் அவருடைய கட்சி ஓரிடத்தில்கூட வெல்லவில்லை. முன்னாள் முதல்வர் ஒருவரின் ஐம்பதாண்டு அரசியலுக்கு மக்கள் எழுதிய தீர்ப்பு அது. பாராட்டை வாக்காளர் பொறுத்துக்கொள்வார். அணி மாற்றத்தைக்கூட ஏற்பார். இவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வைத்திருப்பதை மட்டும் அவர் மன்னிப்பதில்லை.

காங்கிரஸ் மேலிடமும் தன் பங்குப் பிழையை மறைத்துவிட முடியாது. வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவரை, வெளிநாடு செல்லும் குழுவுக்கான பட்டியலிலிருந்து விட்டுவிட்டு, அரசு அவரைத் தேர்ந்தெடுத்ததும் குமுறியது விவேகமன்று. 2022-ல் கட்சித் தலைவர் தேர்தலில் கார்கேயை எதிர்த்து 1,072 வாக்குகள் பெற்றவர் அவர். மறு ஆண்டு செயற்குழுவில் இடம் தந்த கட்சி, அந்த இடத்துக்குரிய பணியையும் தந்திருக்க வேண்டும். 2025 ஜூலையில், நிலையை மாற்றிக்கொள்ளும்வரை திருவனந்தபுரத்துக் கட்சி நிகழ்ச்சிகளுக்கு அவரை அழைக்க மாட்டோம் என்று கே. முரளீதரன் அறிவித்தார். தொண்டர்களின் முகத்தைப் பார்த்து அவர் பதில் சொல்ல வேண்டிய மேடையையே கட்சி பறித்துக்கொண்டது என்பதுதான் இதன் பொருள்.

இந்தச் சண்டையில் யார் வென்றாலும் களத்தில் நிற்கும் தொண்டருக்கு லாபமில்லை. 2025 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கேரளம் முழுவதும் காங்கிரஸ் கூட்டணி முன்னேறியபோதும், திருவனந்தபுரம் மாநகராட்சியின் 101 வார்டுகளில் 50-ஐ வென்று பாஜக கூட்டணி முதலிடம் பிடித்தது. அதற்குத் தரூரின் பேச்சு காரணம் என்று சொல்வது நியாயமாகாது. இழந்தது இடதுசாரிகளின் கோட்டை. எனினும், தெருத்தெருவாகப் பாஜகவுடன் மோதி வாக்குக் கேட்ட காங்கிரஸ் தொண்டர், உங்கள் எம்.பி.யே எங்கள் பிரதமரைப் பாராட்டுகிறாரே என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? அந்தப் பதிலை அவருக்குத் தர வேண்டியது யார்?

எதிரணியைப் பாராட்டும் உரிமை எந்தத் தலைவருக்கும் உண்டு. அது குறைந்துபோவது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல. ஆனால், அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. எந்தச் செயலைப் பாராட்டுகிறாரோ அதைச் சொல்லும் அதே மூச்சில், எவற்றில் எதிர்ப்பு நீடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கில நாளேட்டில் எழுதியதைத் தொகுதிக் கூட்டத்தில் மக்களின் மொழியில் விளக்க வேண்டும். மனமே மாறிவிட்டதென்றால் பதவியைத் துறந்து மீண்டும் அவர்களிடமே போக வேண்டும். மல்லிகையின் மணத்தை மெச்சுவதில் தவறில்லை. எந்தத் தோட்டத்தைக் காக்கும் பொறுப்பு தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைத் தோட்டத்துக்கு உரியவர்கள் மறப்பதில்லை.