பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் மனமாற்றம்

தவக்காலம் வந்ததும் நாம் ஆலயங்களில் மனந்திரும்புதல் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். இடம்பெயர்ந்த குடும்பங்கள் எம்மைத் திருப்பிக் கேட்பதுண்டு: “சுவாமி, காணி போய், வீடு போய், மாடும் போய் நிற்கிறோம். நாங்கள் எதற்கு மனந்திரும்ப வேண்டும்? எங்கள் பாவந்தான் இப்படி வந்ததா?”

இரண்டாவது கேள்விக்கு ஆண்டவரே விடை தந்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டனர். அவர்கள் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகள் அல்லர் என்று அவர் தெளிவாகச் சொன்னார் (லூக்கா 13). ஆகவே, இடம்பெயர்வு கடவுள் தந்த தண்டனை என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். ஆயினும் அவ்விடத்திலேயே, கேட்டு நின்ற அனைவரையும் அவர் மனந்திரும்ப அழைத்தார். துன்பப்பட்டவர்கள் என்பதால் நாம் அந்த அழைப்புக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர்.

எரிக்கோ நகரத்துச் சக்கேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). அவன் வரி தண்டுவோருக்குத் தலைவன், செல்வந்தன். மரத்தில் இருந்த அவன் தன் பாவத்தை அறிக்கையிடும் முன்பே, அவன் வீட்டில் தங்க வருவதாக இயேசு சொன்னார். இரக்கம் முந்திக்கொண்டது. அதன் பின்னரே சக்கேயு கணக்குப் பார்த்தான்: உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பெற்றது நான்கு மடங்காக உரியவருக்கு. இறை இரக்கத்தை எவரும் விலைகொடுத்து வாங்க முடியாது. ஆனால் அது நுழைந்த வீட்டில் பிறர் பொருள் தங்கியிருக்கக் கூடாது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது. அதனால் விளைந்த சேதத்தை இயன்றவரை சீர்செய்யும் கடமையோ எஞ்சி நிற்கிறது. இதுவே திருச்சபையின் போதனை.

எம்மிடம் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? ஓடி வந்த வழியில் ஆளில்லா வீடுகளில் கழற்றிய ஓடும் கதவு நிலையும் இருக்கலாம். அயலவன் இல்லாத காலத்தில் ஒரு முழம் தள்ளிப் போட்ட வேலியும் இருக்கலாம். இவற்றைவிடப் பெரியதொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் எங்கள் வயலோடு வயல் வைத்திருந்த கமக்காரரும் இருந்தனர். எங்களில் பலர் வாய்திறக்கவில்லை. அச்சம் இருந்தது உண்மை. ஆனால் அச்சம் நீங்கிய பின்னும் நாம் பேசினோமா? பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தம் என்று வாதிடுவோர் உண்டு. கடவுள் முன் அந்தக் கணக்குச் செல்லாது.

இப்படிச் சொல்வதால் எமது உரிமைக் கோரிக்கை குன்றிவிடாது. அதே 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் இன்றும் தம் காணிக்குத் திரும்பாதோர் உள்ளனர். அந்த நிலத்தைக் கேட்பது நீதி. அந்த நீதியை எமக்குக் கேட்டுவிட்டு, அயலவனுக்கு மறுக்கலாமா?

நான்கு மடங்கு கொடுக்க எம்மிடம் வசதியில்லை. உண்மை சொல்ல வசதி தேவையில்லை. திரும்பி வருபவருக்குப் பழைய எல்லைக்கல் நின்ற இடத்தைக் காட்டலாம். உறுதி தொலைந்தவருக்காகக் கிராம அலுவலர் முன் சாட்சி சொல்லலாம். எடுத்ததை எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம். இத்தவக்காலத்தில் ஒவ்வொரு கிராமச் சங்கமும் ஒரு மாலை கூடியிருந்து இதைப் பேசட்டும். சக்கேயுவின் வீட்டுக்கு வந்த மீட்பு எமது குடிசைகளுக்கும் வரும்.