220 மைனஸ் வயது: இந்தக் கணக்கை வைத்து இதயத்துக்குக் கேரண்டி கொடுக்காதீங்க

1/ "டாக்டர், ஓடும்போது வாட்ச்ல 178 காட்டுது. நிறுத்திடணுமா?" ஓபியில் இது இப்போ அடிக்கடி வர்ற கேள்வி. "நெஞ்சு இறுக்கமா இருந்துச்சு, ஆனா வாட்ச்ல நம்பர் கம்மியாதான் இருந்துச்சு" என்று வருபவர்களும் உண்டு. எனக்குப் பயம் இரண்டாமவரை நினைத்துத்தான்.

2/ ஜிம் சுவர்களில் ஒட்டியிருக்கும் "220 மைனஸ் வயது", 1971இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட தோராயக் கணக்கு. சராசரி, அவ்வளவுதான். 40 வயதில் ஒருவரின் உச்சத் துடிப்பு 168, இன்னொருவருக்கு 192. ரெண்டு பேருமே நார்மல்!

3/ 2001இல் டனாகா குழு வேறு கணக்கு சொன்னது: 208இல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கணும். 60 வயதுக்குப் பழைய கணக்கில் 160, இதில் 166. இரண்டுமே உச்சம் எவ்வளவு என்ற யூகம். "இதுக்குக் கீழே இருந்தா சேஃப்" என்று இரண்டுமே சொல்லவில்லை.

4/ பிபிக்கு அட்டினலால், மெட்டோபிரோலால் சாப்பிடறீங்களா? அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாது. இதயம் திணறினாலும் நம்பர் அழகாத்தான் இருக்கும்.

5/ வாட்ச்சும் ஏமாறும். கை ஆடும்போது சில சமயம் காலடி எண்ணிக்கையையே துடிப்புன்னு காட்டிடும்.

6/ சரி, எதை நம்புவது? உங்க பேச்சை. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். புதுசா ஆரம்பிப்பவர்கள் பேச முடிகிற வேகத்திலேயே ஓடுங்க.

7/ நெஞ்சில் பாரம், தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, தலைசுற்றல், கண் இருட்டல்: நம்பர் எதுவானாலும் உடனே நில்லுங்க. நின்ற பிறகும் நெஞ்சு பாரம் விடலையா? 108க்கு போன் போடுங்க. "கேஸ்தான்" என்று சோடா குடித்து நேரத்தைக் கரைக்காதீங்க.

8/ சுகர், பிபி, புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் ஓட ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பாருங்க. படுக்க வைத்து எடுத்த இசிஜி நார்மல் என்பதாலேயே அடைப்பு இல்லை என்று ஆகாது.

9/ ஓடாதீங்கன்னு சொல்லலை. தாராளமா ஓடுங்க, இதயத்துக்கு நல்லது. ஆனால் கோச்சுகளே, வயதைக் கேட்டு நம்பர் எழுதிக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்க: "என்ன மாத்திரை சாப்பிடறீங்க? நடந்தா, ஓடினா நெஞ்சு இறுக்குதா?" இதைக் கேட்காமல் சார்ட் கொடுப்பது பயிற்சி இல்லை, சூதாட்டம்.